பள்ளி வாசலும் பிள்ளைகளின் உரிமையும்

(கொள்ளேகாலில் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளுக்குப் பள்ளியில் பாதுகாப்பு வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று விடையளிக்கும் பெற்றோர் ஒருவரும் இரார். ஆகவேதான் பள்ளி வாசலில் காவலாளியை நிறுத்துவது, வளாகமெங்கும் கண்காணிப்பு கேமரா பொருத்துவது, பையைத் திறந்து பார்ப்பது, பதற்றம் எழும்போது காவல்துறையை வரவழைப்பது ஆகிய ஏற்பாடுகள் அனைத்தும் விவாதமின்றியே நிறைவேறிவிடுகின்றன. மாற்றுக் கருத்துச் சொல்பவர் பிள்ளைகளின் உயிர்மீது அக்கறையற்றவராகக் காட்டப்படுகிறார். அந்த ஏற்பாடுகள் யாரைக் காக்கின்றன, யாரைச் சந்தேகிக்கின்றன என்ற கேள்வி எழுவதே இல்லை. கர்நாடகத்தில் கடந்த சில ஆண்டுகளில் நடந்தவற்றை முன்வைத்து அக்கேள்வியை எழுப்புவதே இவ்வுரையின் நோக்கம்.

ஒரு பிள்ளை தன் பள்ளியைத் தன்னுடையதாக உணர்வதைக் குறிக்கக் கல்வியாளர்கள் பல கலைச்சொற்களை ஆள்கின்றனர். இந்த வட்டாரத்துத் தாய்மார்களிடம் அதற்கு எளிய சொல் ஒன்று உண்டு: 'நம்ம பள்ளிக்கூடம்'. 'நம்ம' என்ற சொல் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொது. ஆயினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. தமிழில் 'நம் பள்ளி' என்றால் கேட்பவரும் அதில் அடங்குவார். 'எங்கள் பள்ளி' என்றால் கேட்பவர் வெளியே நிறுத்தப்படுகிறார். கன்னடத்தில் இந்தப் பிரிவினை இல்லை. 'நம்ம ஷாலெ' என்பது இரண்டு பொருளுக்கும் வரும். கேட்பவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்பதைச் சொல் காட்டாது, சொல்பவரின் நடத்தையே காட்டும். 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் கடலோரக் கர்நாடகத்தின் பள்ளி, கல்லூரி வாசல்களில் காட்டப்பட்டது அந்த நடத்தைதான்.

அந்த நிகழ்வுக்குச் செல்லுமுன் இம்மண்ணின் நினைவு ஒன்றைத் தொட்டுச் செல்வது பொருத்தம். 1956இல் மாநில எல்லைகள் திருத்தி வரையப்பட்டபோது, கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. மக்கள் இடம்பெயரவில்லை, எல்லைதான் இடம்பெயர்ந்தது. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி மூண்ட வன்முறையின்போது, பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழ் பேசுவோர் தங்கள் தாய்மொழியை மறைத்துக்கொண்டு வெளியில் நடமாட வேண்டியிருந்தது. 'நீ எந்த ஊர்?' என்ற எளிய கேள்வி எப்போது அச்சுறுத்தலாக மாறும் என்பது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதேபோல் சோதனைச் சாவடி என்பதும் இங்கு புதியதன்று. வீரப்பனைப் பிடிப்பதற்கென அமைக்கப்பட்ட இரு மாநிலக் கூட்டு அதிரடிப்படையின் காலத்தில், மாதேசுவர மலைப் பாதையில் சென்றவர்கள் பையைத் திறந்து காட்டி, ஊரும் பேரும் சொல்லி, அரிசி எவ்வளவு, யாருக்கு என்றும் கணக்குச் சொல்லிக் கடந்தார்கள். காட்டோரத்து மக்களைக் காப்பதற்கென்று வந்த படை காட்டோரத்து மக்களையே முதல் குற்றவாளிகளாகக் கருதியது. மலையில் இருந்த அதன் முகாம் 'ஒர்க் ஷாப்' என்ற பெயரில் அறியப்பட்டது. அங்கு நடந்த சித்திரவதைகளைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையம் பரிந்துரைத்தது. பாதுகாப்பு என்ற பெயரில் வருகிற ஏற்பாடு, யாரைக் காக்க வந்ததோ அவர்களையே அந்நியராக்கக் கூடும் என்பதற்கு இதைவிட அருகில் ஒரு சான்று தேட வேண்டியதில்லை.

வாசல் மூடப்பட்ட நாள்

இனி 2022. உடுப்பியில் உள்ள அரசு மகளிர் பி.யு. கல்லூரியில் ஹிஜாப் அணிந்த மாணவிகள் ஆறு பேர் 2021 டிசம்பர் இறுதியில் வகுப்புக்குள் அனுமதிக்கப்படாமல் வெளியே நிறுத்தப்பட்டனர். 2022 பிப்ரவரி 3 அன்று குந்தாபுராவின் அரசு பி.யு. கல்லூரியில் மாணவிகள் வந்துகொண்டிருக்கும்போதே வாயிற்கதவு இழுத்து மூடப்பட்டது. தேர்வு நெருங்குகிறது, உள்ளே விடுங்கள் என்று அவர்கள் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சும் காட்சியை நாடே பார்த்தது. கடந்த மாதம் வரை அதே ஆடையில் அதே வாசலைக் கடந்து சென்றவர்கள் அவர்கள். அவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. வாசல் மாறிவிட்டிருந்தது.

பிப்ரவரி 5 அன்று பா.ஜ.க. மாநில அரசு 1983ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் அடிப்படையில் ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. சமத்துவத்துக்கும் ஒருமைப்பாட்டுக்கும் பொது ஒழுங்குக்கும் ஊறு செய்யும் ஆடைகளை அணியலாகாது என்பது அதன் சாரம். 'பொது ஒழுங்கு' என்ற சொல்லை உற்று நோக்க வேண்டும். அது காவல் நிலையத்தின் சொல். வகுப்பறையின் சொல் அன்று. கலவரக்காரரை நோக்கிப் பேச வேண்டிய சொல்லைப் பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணின் தலைத்துணியை நோக்கிப் பேசினார்கள். உண்மையில் ஒழுங்கைக் குலைத்தவர்கள் யார்? பிப்ரவரி 8 அன்று மண்டியாவில் ஒரு கல்லூரி வளாகத்தில் தனியாக வந்த மாணவி ஒருவரைக் காவித் துண்டணிந்த கும்பல் முழக்கமிட்டுக்கொண்டே விரட்டிச் சென்றது. அதே நாளில் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளும் கல்லூரிகளும் மூன்று நாட்களுக்கு மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. விரட்டியவர்களைத் தடுக்க வேண்டிய அரசு பள்ளிகளைப் பூட்டியது.

பிப்ரவரி 14 அன்று உயர்நிலைப் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, பல ஊர்களில் பிள்ளைகளை வரவேற்றது காவல்துறை. உடுப்பியில் பள்ளிகளைச் சுற்றி 200 மீட்டருக்குத் தடையுத்தரவு விதிக்கப்பட்டிருந்தது. மண்டியாவில் ஒரு பள்ளியின் வாசலில், பிள்ளை வகுப்பறை வரை சென்று அங்கே துணியை எடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று பெற்றோர் மன்றாடினர். வாசலிலேயே எடுக்க வேண்டும் என்று ஆசிரியை மறுத்தார். ஆசிரியைகள் சிலரும் தெருவில் நின்றபடி, கேமராக்களின் முன்னால், மேலங்கியைக் களைந்துவிட்டு உள்ளே செல்ல நேர்ந்தது. வகுப்பறைக்குள் என்றால் அது பள்ளியின் உள் விவகாரமாக இருந்திருக்கும். வாசலில் என்றதனால் அது சோதனையாயிற்று. ஊர் பார்க்க நடந்த சோதனை. உடன் பயிலும் பிள்ளைகள் பக்கத்திலேயே தடையின்றி நடந்து சென்றார்கள். அவர்களும் ஒரு பாடம் கற்றார்கள். இப்பள்ளி தங்களுக்கு இயல்பாக உரியது, சிலருக்கு மட்டும் நிபந்தனையோடு உரியது என்ற பாடம். அவமதிக்கப்பட்ட பிள்ளைக்கு நேர்ந்த தீங்கு பற்றிப் பேசுவோர் பலர் இந்த இரண்டாவது தீங்கைப் பார்ப்பதில்லை.

கர்நாடக உயர்நீதிமன்றத்தின் மூவர் அமர்வு மார்ச் 15 அன்று அரசின் ஆணையை நிலைநிறுத்தியது. ஹிஜாப் இசுலாத்தின் இன்றியமையாத வழக்கமன்று என்ற பகுதியே பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் அத்தீர்ப்பில் வேறொரு இடம் உண்டு. தனிமனித உரிமைகள் இயல்பாகவே சுருங்கும் பொது இடங்கள் என ஒரு வகையை நீதிமன்றம் வகுத்து, பள்ளியை நீதிமன்ற அறை, போர்க்கால ஆலோசனை அறை, இராணுவ முகாம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்தது. பள்ளியைப் பற்றி ஆளும் வர்க்கம் கொண்டிருக்கும் கருத்து இவ்வளவு வெளிப்படையாக எழுத்தில் வருவது அரிது. முகாமில் இருப்பவன் கேள்வி கேட்பதில்லை. அவன் அந்த முகாமைத் தன்னுடையதென்று உணர வேண்டிய தேவையும் அங்கு இல்லை. கட்டளைக்குப் பணிந்தால் போதும்.

உச்சநீதிமன்றத்தில் 2022 அக்டோபர் 13 அன்று இரு நீதிபதிகளும் முரண்பட்ட தீர்ப்பளித்தனர். நீதிபதி ஹேமந்த் குப்தா உயர்நீதிமன்றத் தீர்ப்பை ஏற்றார். நீதிபதி சுதான்சு துலியா மறுத்தார். பள்ளியைச் சிறையோடும் இராணுவ முகாமோடும் ஒப்பிடுவது சரியன்று என்று அவர் நேராகவே எழுதினார். பள்ளி வாசலில் ஒரு மாணவியைத் தலைத்துணியை எடுக்கச் சொல்வது அவளுடைய அந்தரங்கத்தின்மீதும் கண்ணியத்தின்மீதும் நிகழும் அத்துமீறல் என்றும், வீட்டிலும் வெளியிலும் உள்ள அவளது உரிமை பள்ளி வாசலோடு முடிந்துவிடுவதில்லை என்றும் அவருடைய தீர்ப்பு கூறுகிறது. வழக்கு பெரிய அமர்வின் பொருட்டுத் தலைமை நீதிபதியிடம் வைக்கப்பட்டது. பிள்ளைகளின் பருவம் அதற்காகக் காத்திருக்கவில்லை. அதற்கு முன்பே, ஏப்ரல் 22 அன்று தொடங்கிய இரண்டாமாண்டு பி.யு. தேர்வில், வழக்குத் தொடுத்த மாணவிகளுள் இருவர் உடுப்பியில் நுழைவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே தேர்வெழுத முடியாமல் வீடு திரும்பியிருந்தனர்.

வேறு வழியே இருக்கவில்லையா? இருந்தது, அதுவும் இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருந்தது. அதே 2022 பிப்ரவரியில் மைசூரில் ஒரு தனியார் கல்லூரி, மாணவிகள் சிலர் வகுப்புக்கு வராமல் வெளியே நிற்பதைக் கண்டு, தன் சீருடை விதியையே நீக்கிவிட்டு அவர்களை உள்ளே அழைத்துக்கொண்டது. அதற்குப் படையும் தேவைப்படவில்லை, தடையுத்தரவும் தேவைப்படவில்லை.

மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் கர்நாடகக் கிளை பாதிக்கப்பட்ட மாணவிகளைச் சந்தித்து அறிக்கை ஒன்றை வெளியிட்டது. கல்வியின் வாயில்கள் மூடப்பட்டதைத் தலைப்பாகக் கொண்ட அவ்வறிக்கையில் தோழிகள் பேசாமற்போனதும், ஆசிரியர்கள் முகம் திருப்பிக்கொண்டதும், தங்களுக்கு விருப்பமில்லாமலேயே வேறு கல்லூரிக்கு மாறியதும் அம்மாணவிகளின் வாக்குமூலங்களாகப் பதிவாகியுள்ளன. சட்டம் கேட்ட கேள்வி துணியைப் பற்றியது. மாணவிகள் இழந்ததாகச் சொன்னது உறவுகளை.

காவலர் உள்ளே வந்தபோது

வாசலில் மட்டுமா? பீதரில் ஷாகீன் பள்ளியில் 2020 ஜனவரியில் குழந்தைகள் ஒரு நாடகம் நடத்தினர். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றியது. அதற்காகத் தேசத்துரோக வழக்கு பதிவு செய்யப்பட்டது. தலைமையாசிரியையும், ஒரு குழந்தையின் தாயும் சிறையில் அடைக்கப்பட்டனர். காவல்துறை பள்ளிக்குள் மீண்டும் மீண்டும் வந்து, ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளை உட்காரவைத்து, வசனத்தை எழுதிக்கொடுத்தது யார், சொல்லிக்கொடுத்தது யார் என்று விசாரித்தது. சீருடையும் துப்பாக்கியும் தாங்கிய காவலர்கள் குழந்தைகளை விசாரித்தது குழந்தைகளின் உரிமையை முதல்நோக்கிலேயே கடுமையாக மீறிய செயல் என்று உயர்நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் கூறியது. பள்ளி நிர்வாகத்தின் மீதான வழக்கு 2023 ஜூனில் இரத்து செய்யப்பட்டது. மூன்றரை ஆண்டுகள். நாடகத்தில் பேசிய வார்த்தைக்காகத் தன் தாய் சிறை செல்வதைப் பார்த்த பிள்ளை அடுத்த ஆண்டு விழாவில் மேடை ஏறுமா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

இன்னொரு நிகழ்வையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் நடந்த மாநிலப் பொது நுழைவுத் தேர்வில், சிவமொக்காவிலும் பீதரிலும் மாணவர்கள் சிலரிடம் பூணூலைக் கழற்றுமாறு சோதனையிட்டவர்கள் கூறினர். அதுவும் தவறே. தேர்வறையில் நூலிழையால் எவரும் பார்த்தெழுதப் போவதில்லை. ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். சில நாட்களுக்குள் அமைச்சர்கள் வருத்தம் தெரிவித்தனர். பணியில் இருந்தவர்கள்மீது நடவடிக்கை பாய்ந்தது. தேர்வை இழந்த மாணவருக்கு மாற்று வழி தேடப்பட்டது. அவ்வளவு விரைவு 2022இல் எங்கே போயிற்று? மேலும், சிவமொக்காவில் முதலில் தண்டனை பெற்றவர்கள் யார் என்றால், வாசலில் நின்ற ஊர்க்காவல் படையினர் இருவர். விதியை வகுத்தவரும் அறிவுறுத்தியவரும் அறைக்குள் இருந்தார்கள். நாட்கூலிக்கு நின்றவர் தண்டனை பெற்றார். பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு உள்ளேயும் வர்க்கம் இருக்கிறது.

கயிறும் துணியும்

இங்கே தோழர்கள் சிலர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும், எழுப்பவும் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவர்கள் கைகளில் கட்டும் சாதி வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்று இடதுசாரிகள் கோருகிறார்கள் அல்லவா? கயிற்றைத் தடைசெய்யலாம் என்றால் துணியை ஏன் தடைசெய்யக் கூடாது?

2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை நினைவுகூர்வோர் இக்கேள்விக்கு விடை காண்பர். பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற தலித் மாணவன் ஒருவன் உடன் பயிலும் ஆதிக்க சாதி மாணவர்களின் தொல்லை தாளாமல் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தினான். பள்ளி அவனை அழைத்துக் காரணம் கேட்டது. காரணத்தைச் சொன்னான். அன்றிரவே அவனுடைய வீடு தேடி வந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அவன் வாசலில் தடுக்கப்படவில்லை. அடையாள அட்டை இருந்தது, சீருடை இருந்தது, வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது. வகுப்பறை மட்டும் அவனுடையதாக இருக்கவில்லை. உண்மையைச் சொன்ன பிள்ளையைக் காக்க எந்த ஏற்பாடும் அங்கு இல்லை.

கயிறு என்ன செய்கிறது? இவன் இன்னான் என்று பிரித்துக்காட்டி, கட்டாதவனை மிரட்டுகிறது. கட்டியவர்களை அணியாகத் திரட்டுகிறது. ஆதிக்கத்தின் கொடி அது. தலைத்துணியை அணிந்த மாணவிகள் அதைக் காட்டி எவரையும் மிரட்டியதில்லை. எந்தப் பிள்ளையும் அவர்களுக்கு அஞ்சிப் பள்ளியை விட்டு நின்றதில்லை. ஒரு விதி யாருடைய அச்சத்தைக் குறைக்கிறது, யாருடைய அச்சத்தைக் கூட்டுகிறது என்பதே உரைகல். இரண்டையும் 'ஒரே மாதிரியான கட்டுப்பாடு' என்று சொல்வது, அடிப்பவனையும் அடிவாங்குபவனையும் ஒன்றாக நிறுத்தி 'இருவரும் சண்டை போடாதீர்கள்' என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆயினும் கயிற்றை அறுப்பதோடு வேலை முடிந்துவிட்டதாகக் கருதுவதும் பிழையே. 2019இல் தமிழ்நாட்டின் பள்ளிக்கல்வித் துறை இத்தகைய சுற்றறிக்கை ஒன்றை அனுப்பியது; எதிர்ப்பு எழுந்ததும் அன்றைய அமைச்சரே தமக்குத் தெரியாமல் வந்தது என்று கூறிக் கைவிட்டார். நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றுக்குத் தடை கோரியது. அத்தோடு நிற்கவில்லை. ஒரு பகுதியில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவர்களை அப்பகுதியிலேயே தலைமையாசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் அமர்த்த வேண்டாம் என்றது. மாணவர்களின் குறைகளைக் கேட்பதற்கென்றே பள்ளி நல அலுவலர்களை நியமிக்கச் சொன்னது. எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் கலந்த சமூகநீதி மாணவர் படையை அமைக்கச் சொன்னது. பள்ளிகளின் பெயரில் உள்ள சாதியை நீக்கச் சொன்னது. கயிற்றுத் தடைக்குச் செலவு இல்லை; ஒரு சுற்றறிக்கை போதும். மற்றவற்றுக்கு ஆள் வேண்டும், ஊதியம் வேண்டும், அரசியல் துணிவு வேண்டும். எது முதலில் நிறைவேறும், எது கோப்பிலேயே தங்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. நெற்றிக் குறியைப் பற்றிய பரிந்துரையைச் சங் பரிவாரம் எதிர்த்தது. அந்த எதிர்ப்பின் நோக்கம் வேறு என்றாலும், ஆதிக்கக் குறியையும் எளிய பக்திக் குறியையும் வாசலில் நிற்கும் ஒருவர் எவ்வாறு பிரித்தறிவார் என்ற ஐயம் நியாயமானதே. வாசலில் நின்று உடலைப் பார்ப்பதற்குப் பதிலாக வகுப்பறையில் நடப்பதைப் பார்க்கும் ஆசிரியர் இருந்தால் அந்த ஐயத்துக்கே இடமிராது.

கேமராவும் கண்டக்டரும்

கேமரா பற்றிச் சுருக்கமாக. சி.பி.எஸ்.இ. வாரியம் 2025 ஜூலையில் தன் பள்ளிகளுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. நுழைவாயில், தாழ்வாரம், மாடிப்படி, வகுப்பறை, ஆய்வகம், நூலகம், உணவகம், விளையாட்டுத் திடல் என எங்கும் கேமரா வேண்டும். கழிப்பறை மட்டும் விலக்கு. படம் மட்டும் போதாது, ஒலியும் பதிவாக வேண்டும். பதிவுகளைக் குறைந்தது 15 நாட்கள் வைத்திருக்க வேண்டும். விளையாட்டுத் திடலில் இரு பிள்ளைகள் பேசிக்கொள்ளும் இரகசியமும், வகுப்பில் ஆசிரியர் வாய்தவறிச் சொல்லும் ஒரு வரலாற்று உண்மையும் இனிப் பதிவாகும். பீதர் பள்ளியின் நாடகத்தை நினைவில் வைத்துக்கொண்டு இந்த ஆணையைப் படிக்க வேண்டும்.

இத்தகைய ஆணைகள் ஒரு கொடுமை நடந்த மறுநாள் பிறப்பவை. 2017 செப்டம்பர் 8 அன்று குருகிராமில் ஒரு தனியார் பள்ளியில் ஏழு வயதுச் சிறுவன் கொலை செய்யப்பட்டான். அரியானா காவல்துறை அன்றே பள்ளிப் பேருந்தின் கண்டக்டரைக் கைது செய்து, வழக்கு முடிந்தது என்றது. செப்டம்பர் 12 அன்று சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை வந்தது: கேமரா, காவல்துறைச் சரிபார்ப்பு, ஊழியர்களுக்கு உளவியல் சோதனை. குறிப்பாக ஓட்டுநர், கண்டக்டர், கடைநிலை ஊழியர் ஆகியோருக்கு. பள்ளியில் மிகக் குறைந்த ஊதியம் வாங்குபவர்களே பிள்ளைகளுக்கு மிகப் பெரிய ஆபத்து என்ற முடிவு நான்கே நாட்களில் எட்டப்பட்டது. பின்னர் விசாரித்த சி.பி.ஐ., கண்டக்டருக்குத் தொடர்பில்லை என்று கண்டு, அதே பள்ளியின் மேல்வகுப்பு மாணவன் ஒருவனைப் பிடித்தது. கண்டக்டர் 2018இல் விடுவிக்கப்பட்டார். அவரைப் பொய்யாகச் சிக்கவைத்ததாக அரியானா காவல் அதிகாரிகள் நால்வர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. ஆனால் சுற்றறிக்கையை எவரும் திருத்தவில்லை. பள்ளி ஆயாவும் வண்டி ஓட்டுநரும் இன்றும் அந்தச் சந்தேகத்தின் நிழலில் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் ஏதோ ஒரு பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

காவலும் கருவியும் பெருகினால் உயிர் காக்கப்படுமா என்பதற்கு அமெரிக்காவே விடை சொல்கிறது. டெக்சாஸ் மாநிலம் உவால்டியின் பள்ளி நிர்வாகத்துக்குச் சொந்தமாகவே காவல்படை இருந்தது. 2022 மே 24 அன்று ஒருவன் துப்பாக்கியுடன் பள்ளிக்குள் புகுந்து 19 குழந்தைகளையும் ஆசிரியைகள் இருவரையும் கொன்றான். 376 காவலர்கள் திரண்டும் 77 நிமிடங்கள் கழித்தே அந்த அறைக்குள் நுழைந்தனர். துப்பாக்கி வணிகத்தைத் தொடாமல் பள்ளிக்குக் காவல் போடும் நாட்டில் வேறென்ன நடக்கும்? அந்நாட்டிலேயே மினியாபொலிஸ் நகரின் கல்வி வாரியம் 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட சில நாட்களில், காவல்துறையுடனான தன் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. தெருவில் தங்களை நெரிக்கும் அதே சீருடையைப் பள்ளித் தாழ்வாரத்திலும் காணும் கறுப்பினப் பிள்ளைகளின் நிலை அந்த வாரியத்துக்குப் புரிந்தது.

எது பாதுகாப்பு

பாதுகாப்பே வேண்டாம் என்பது இவ்வுரையின் கருத்தன்று. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகி இறந்தனர். அவர்களைக் கொன்றது வெளியிலிருந்து வந்த எவரும் அல்லர். சமையற்கூடத்துத் தீயும், கூரை வேய்ந்த வகுப்பறையும், ஒடுங்கிய படிக்கட்டும், அனைத்தையும் பார்த்தும் பாராமல் சான்றிதழ் வழங்கிய நிர்வாகமும். அங்கு தேவைப்பட்டது கேமரா அன்று, ஒழுங்கான கட்டடம். அது பணம் சார்ந்த கேள்வி, ஆகவே அரசியல் கேள்வி.

மாதேசுவர மலைக் காட்டுச் சிற்றூர்களின் பிள்ளைகளைப் பாருங்கள். யானை நடமாடும் வழியில் பல கிலோமீட்டர் நடந்து பள்ளி செல்ல வேண்டியிருந்த அவர்களுக்கு வனத்துறை 'ஜன வன சாரிகெ' என்ற பெயரில் வண்டி விட்டது. வனத்துறையின் பல செயல்களைக் கட்சி எதிர்த்துப் போராடியிருக்கிறது. காட்டு மக்களை வெளியேற்றும் கொள்கையை இனியும் எதிர்க்கும். ஆனால் இந்த வண்டி சரியான வகைப் பாதுகாப்பு என்பதை மறுக்க வேண்டியதில்லை. அது பிள்ளையை நிறுத்தி, நீ யார் என்று கேட்பதில்லை. ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விடுகிறது. தண்ணீர் வரும் கழிப்பறை, அந்தி சாயுமுன் கிளம்பும் பேருந்து, முழு எண்ணிக்கையில் ஆசிரியர், பெண் பிள்ளைகள் தயங்காமல் பேசக்கூடிய ஓர் ஆசிரியை என்பனவும் இந்த வரிசையில் வருபவை.

இவற்றை யார் முடிவு செய்வது? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு உரிய இடம் தரப்பட வேண்டும் என்கிறது. கர்நாடகத்தில் அது எஸ்.டி.எம்.சி. என்ற பெயரில் இயங்குகிறது. பி.யு. கல்லூரிகளில் நிலைமை வேறு. 2014ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி அங்குள்ள மேம்பாட்டுக் குழுவின் தலைவர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். உடுப்பியில் வாசலைப் பற்றிய முடிவு தேர்தல் கணக்காக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். பி.யு. கல்லூரிக் குழுக்களிலும் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் பெரும்பான்மை வேண்டும் என்ற கோரிக்கையை மாணவர் இயக்கம் கையிலெடுக்க வேண்டியிருக்கிறது.

எஸ்.டி.எம்.சி.யில் இடம்பெற்றுள்ள தோழர்கள் பெரும்பாலும் மதிய உணவு, கட்டடப் பழுது ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். கூட்டத்தில் இன்னும் சில கேள்விகளைக் கேட்கலாம். கேமரா பொருத்தப்பட்டிருந்தால் அதன் பதிவை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், ஒலி பதிவாகிறதா? காவல்துறை பள்ளிக்குள் வந்தால் பெற்றோருக்கு அறிவிக்கும் நடைமுறை உண்டா? பை சோதனை என்றால் எல்லாப் பிள்ளைகளின் பையுமா, காலனிப் பிள்ளைகளின் பை மட்டுமா? பொருள் ஒன்று காணாமற்போனால் முதலில் அழைக்கப்படும் பெயர் யாருடையது? இக்கேள்விக்குத் தலைமையாசிரியர் விடை சொல்லத் தயங்குவார். பிள்ளைகள் தயங்கமாட்டார்கள்.

கடைசியாக ஒரு பணி. 2023 டிசம்பர் 22 அன்று முதலமைச்சர் சித்தராமையா இங்கிருந்து தொலைவில் இல்லாத நஞ்சன்கூடு வட்டத்தில் பேசும்போது, ஹிஜாப் தடை விலக்கப்படும் என்று அறிவித்தார். மறுநாளே அது பரிசீலனையில் இருப்பதாகத் திருத்திக் கூறினார். அந்த ஒரு நாள் இடைவெளியில் காங்கிரசின் அச்சம் முழுவதும் தெரிந்தது. ஆனால் 2022இல் படிப்பை விட்ட மாணவிகள் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்கும் நிலையில் இல்லை. சிலருக்குத் திருமணம் ஆகிவிட்டிருக்கும்; சிலர் பட்டு நூற்பு, பீடி, தையல் வேலைகளில் இருப்பர். திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ தனித்தேர்வராகவோ அவர்கள் படிப்பைத் தொடர வழியிருக்கிறது. மாதர் இயக்கத் தோழர்கள் தத்தம் பகுதிகளில் அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும். கல்லூரிப் பதிவேட்டில் மாற்றுச் சான்றிதழ் பெற்றார் என்ற ஒரு வரி இருக்கும். காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'சொந்த விருப்பம்' என்றே எழுதப்பட்டிருக்கும். உண்மைக் காரணத்தை அவர்களுடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் கேட்டுப் பெற வேண்டும்.